சிங்க்கின் அடியில் மூன்று கருவிகள்: நீரும் மின்சாரமும் பங்கிடும் முறை

கும்பகோணத்தில் என் அத்தையின் வீடு கட்டப்பட்ட காலத்தில் சமையலறைச் சிங்க்கின் அடியில் ஒரு குப்பைக்கூடையும் தேங்காய் நாரும் சாம்பல் டப்பாவும் மட்டுமே இருந்தன. பெரிய பாத்திரங்கள் எல்லாம் கொல்லையில் கிணற்றடியில் துலக்கப்பட்டதால், உள்ளே இருந்த தொட்டி காய்கறி அலசவும் கை கழுவவும் தவிர வேறெதற்கும் பயன்படவில்லை. இன்று அதே இடத்தில் குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. கருவியும் மூன்று லிட்டர் கீசரும் இருக்கின்றன. ஒட்டினாற்போல் பக்கத்துத் தடுப்பில் டிஷ்வாஷர் நிற்கிறது. மூன்றுக்கும் நீர் வேண்டும், மூன்றுக்கும் மின்சாரம் வேண்டும், கீசரைத் தவிர மற்ற இரண்டுக்கும் கழிவுநீரை விட ஒரு வழியும் வேண்டும். ஆனால் அந்த மூலைக்கு வந்திருந்ததோ ஓர் அரை அங்குலக் குழாய், ஒரு 6 ஆம்பியர் பிளக் பாயின்ட், ஒரு கழிவுக் குழாய், அவ்வளவுதான்.

இந்த நிலையில் இருக்கும் வீடுகள் இப்போது காவிரி டெல்டாவில் ஏராளம். பிளம்பரையும் எலக்ட்ரீசியனையும் அழைத்துத்தான் வேலையைச் செய்ய வேண்டும் என்றாலும், அவர்கள் செய்வது சரியா என்று பார்க்கவும், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று அறியவும் வீட்டில் இருப்பவருக்கு ஓர் அடிப்படை புரிந்திருக்க வேண்டும். அந்த அடிப்படையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காவிரிப் பாசனத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்த விஷயம். கல்லணையில் நீர் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. அவற்றிலிருந்து ஏ பிரிவு, பி பிரிவு வாய்க்கால்களும், கடைசியில் வயலை ஒட்டிச் செல்லும் சி, டி பிரிவு வாய்க்கால்களும் கிளைக்கின்றன. மேலே இருப்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மதகைத் திறந்தால் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்கு நீர் போகாது என்பதும், அதனால்தான் முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள் என்பதும் இங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். வீட்டுக் குழாயும் அப்படித்தான். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் குளியலறைக்கும் கழிப்பறைக்கும் போய்விட்டுச் சமையலறைக்கு வருமானால், சிங்க்கின் அடிப்பகுதி அந்த வீட்டின் கடைமடை.

மின்சாரத்தையும் இதே உவமையால் விளக்குவது வழக்கம். எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு, ஏனென்றால் உவமை மிக முக்கியமான இடத்தில் ஏமாற்றிவிடுகிறது. ஒரு குழாயில் மூன்று பேர் நீர் எடுத்தால் மூவருக்கும் குறைவாக வரும். குழாய்க்கு ஒன்றும் ஆகாது, குறை நம் கண்ணுக்கும் தெரியும். ஒரு மின்கம்பியில் மூன்று கருவிகள் இழுத்தால், அநேகமாக மூன்றுக்கும் அவை கேட்டது கிடைத்துவிடும். பாத்திரமும் கழுவப்படும், வெந்நீரும் வரும், குடிநீரும் நிறையும். பாதிக்கப்படுவது சுவருக்குள் இருக்கும் கம்பி. அது சூடேறி, மேலுறை மெல்ல இளகி, பிளக் பாயின்ட்டின் உட்பகுதி கருகிய பிறகே நமக்குத் தெரியவரும். எனவே நீரில் குறையை நாம் பார்த்துச் சரிசெய்யலாம். மின்சாரத்தில் முன்கூட்டியே கணக்குப் போட்டாக வேண்டும்.

கணக்கு எளியது. நம் வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். ஒரு கருவியின் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் அதன் திறன் வாட் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். அந்த எண்ணை 230 ஆல் வகுத்தால் அது இழுக்கும் ஆம்பியர் கிடைக்கும். உள்ளே நீரைச் சூடாக்கும் நேரத்தில் 2,000 வாட் எடுக்கும் டிஷ்வாஷருக்கு 8.7 ஆம்பியர். 3,000 வாட் கீசருக்கு 13 ஆம்பியர். வீட்டு ஆர்.ஓ. கருவியின் பம்பு 24 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடும் சிறிய ஒன்று. மொத்தம் 60 வாட் என்று வைத்துக்கொண்டால் கால் ஆம்பியருக்குச் சற்றே அதிகம். மூன்றையும் கூட்டினால் ஏறக்குறைய 22 ஆம்பியர்.

இப்போது அந்த மூலையில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். சிறிய மூன்று துளைப் பாயின்ட் 6 ஆம்பியருக்கு, அதாவது 1,380 வாட்டுக்கு உரியது. ‘பவர் பிளக்’ என்று நாம் சொல்லும் பெரிய பாயின்ட் 16 ஆம்பியருக்கு, அதாவது 3,680 வாட்டுக்கு உரியது. ஆக, ஒரு பவர் பிளக்கில்கூட கீசரும் டிஷ்வாஷரும் சேர்ந்து ஓட இடமில்லை. அத்தை வீட்டில் முதலில் வந்தவர், பெரிய பிளக்கைச் சிறிய பாயின்ட்டில் செருக உதவும் மாற்றுக்கட்டை ஒன்றை வைத்து, அதில் டிஷ்வாஷரை மாட்டிவிட்டுப் போனார். இரண்டு வாரத்தில் அந்தக் கட்டையின் ஒரு பக்கம் பழுப்பேறி, கருகிய பிளாஸ்டிக் வாடை வரத் தொடங்கியது. அந்த மாற்றுக்கட்டை கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. சமையலறையில் அதைவிட ஆபத்தான பொருள் வேறொன்று எனக்குத் தெரியவில்லை. நீண்ட வயர் கொண்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் ஏறத்தாழ அதே ரகம்தான். செல்போன் சார்ஜருக்கும் ஆர்.ஓ. கருவிக்கும் அது தாங்கும், சூடேற்றும் கருவிகளுக்குத் தாங்காது.

மெயின் பெட்டியில், சுமை மிகுந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் எம்.சி.பி. இருக்கிறதே, அது விழுந்து காப்பாற்றாதா என்ற கேள்வி இயல்பானது. எம்.சி.பி. கம்பியைக் காப்பதற்காக வைக்கப்படுவது. ஆனால் சற்றே மிகுந்த சுமைக்கு அது உடனே விழாது. தரநிலைப்படி, தன் அளவைப்போல் 1.45 மடங்கு மின்சாரம் ஓடும்போது அது ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தால் போதும். 16 ஆம்பியர் எம்.சி.பி.யின் வழியாக 22 ஆம்பியர் ஓடினால் அது 1.4 மடங்கைக்கூடத் தொடவில்லை. விழுவதற்கு மிக நீண்ட நேரம் எடுத்துக்கொள்ளலாம். அடிக்கடி விழுகிறது என்பதற்காக 16 ஐக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் எம்.சி.பி. போடுகிறவர்களும் இருக்கிறார்கள். கம்பியை மாற்றாமல் எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்குவது, வாய்க்கால் கரையை உயர்த்தாமல் மதகை மட்டும் அகலப்படுத்துவதற்குச் சமம்.

சரியான ஏற்பாடு என்னவென்றால், சூடேற்றும் கருவி ஒவ்வொன்றுக்கும் மெயின் பெட்டியிலிருந்தே தனிக் கம்பியும் தனி எம்.சி.பி.யும் தனிப் பவர் பிளக்கும் கொடுப்பதுதான். 16 ஆம்பியர் பாயின்ட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி பொதுவான அளவு. கீசருக்கு 4 சதுர மில்லிமீட்டர் வேண்டும் என்று எலக்ட்ரீசியன் சொன்னால் அவர் காசு பறிக்கப் பார்க்கிறார் என்று எண்ண வேண்டாம். ஆர்.ஓ. கருவிக்கு ஏற்கெனவே இருக்கும் 6 ஆம்பியர் பாயின்ட்டே போதும். சுவரை உடைத்துப் புதிய கம்பி இழுக்க இப்போது வசதியில்லை என்பவர்களுக்கு ஒரே ஒரு மாற்று உண்டு: முறை வைப்பது. மாடியிலோ வாசலிலோ இருப்பவர் மறந்துபோய் இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடாதபடி, கீசர், டிஷ்வாஷர் ஆகிய இரண்டில் ஒன்றுக்கு மட்டுமே மின்சாரம் போகுமாறு ஒரு மாற்றுச் சுவிட்சைப் பொருத்தச் சொல்லலாம். மூன்று லிட்டர் நீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர 3,000 வாட் கீசருக்கு இரண்டே கால் நிமிடம் போதும் என்பதால், இந்த முறை வைப்பில் பெரிய இழப்பு எதுவும் இல்லை.

எம்.சி.பி.யிலிருந்து வேறான இன்னொரு காவல் ஆர்.சி.சி.பி. முதலாவது கம்பியைக் காக்கிறது, இது மனிதரைக் காக்கிறது. போன மின்சாரம் முழுவதும் திரும்பி வருகிறதா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு எங்காவது கசிந்தால், ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரப் பகுதிகளின் நிலத்தடி நீரில் உப்பும் கடினத்தன்மையும் கூடுதலாக இருப்பதால், கீசருக்குள் இருக்கும் சூடேற்றும் கம்பியின் மேல் வெள்ளையாகப் படிவம் கட்டும். அது தடிக்கத் தடிக்க உள்ளே வெப்பம் தேங்கி, கம்பியின் மேலுறை விரிசல் விட்டு நீருக்குள் மின்சாரம் கசியும். ஈரக் கையோடு குழாயைத் தொடும் இடத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் கீசரை ஓட்டக்கூடாது என்பது என் திடமான கருத்து. அதில் உள்ள சிறிய சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியதும் விழாவிட்டால் அது சுவரில் இருந்தும் பயனில்லை. எர்த் இணைப்பு கட்டாயம் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை; பிளக்கில் மற்ற இரண்டையும்விட நீளமாகவும் தடிமனாகவும் இருக்கும் அந்த மேல் முளையை வெட்டிவிட்டு உபயோகிக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருப்பதால் மட்டுமே சொல்கிறேன்.

குறைந்த மின்னழுத்தத்தைப் பற்றி ஒரு தவறான அச்சம் பரவலாக இருக்கிறது. வயல்வெளிப் பக்கத்து ஊர்களில் பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் வீட்டு மின்னழுத்தம் 190 வோல்ட்டுக்கு இறங்கினால், 3,000 வாட் கீசர் ஏறத்தாழ 2,050 வாட் மட்டுமே எடுக்கும். வெந்நீர் தாமதமாகும், கருவிக்கு ஒன்றும் ஆகாது. சிரமம் மோட்டார் உள்ளவற்றுக்குத்தான். டிஷ்வாஷரின் பம்பும் கிணற்று மோட்டாரும் மின்னழுத்தம் குறையும்போது அதிக ஆம்பியர் இழுத்துச் சூடேறும்.

இனி நீர். இங்கே நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு: ஒன்று அழுத்தம், மற்றொன்று ஓட்டம். தொட்டியின் உயரம் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறக்குறைய 0.1 பார் அழுத்தம் தரும். தளத்தின் மேல் நேராக வைத்த தொட்டியின் அடிப்பகுதி, சிங்க்கின் அடியில் உள்ள குழாயைவிட ஒன்பதரை அடி உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.29 பார். அதே தொட்டியை நான்கடி மேடை கட்டி அதன் மேல் வைத்தால் 0.4 பாரைத் தாண்டும். பல டிஷ்வாஷர்கள் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் வரை கேட்கின்றன என்பதால், ஒற்றைத் தளமாக இருக்கும் நம் ஊர் வீடுகளில் இந்த நான்கடி மேடை பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். வாங்குவதற்கு முன்பே கையேட்டில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, வீட்டின் உயரத்தை அளந்துவிட வேண்டும். போதாதென்றால் சிறிய அழுத்த பம்பு வைக்கலாம். ஆனால் அதன்பின் ஆர்.ஓ. கருவிக்குள் நுழையும் நீருக்கு அழுத்தக் குறைப்பு வால்வு தேவைப்படக்கூடும், ஏனென்றால் அதன் மெல்லிய குழாய்களும் இணைப்புகளும் தாழ்ந்த அழுத்தத்தை நம்பிச் செய்யப்பட்டவை.

ஓட்டம் என்பது வேறு. ஆர்.ஓ. கருவி நிமிடத்துக்கு ஒரு லிட்டர்கூட இழுக்காது, ஆனால் மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கும். டிஷ்வாஷரோ ஒரு தடவைக்கு மொத்தம் பத்துப் பன்னிரண்டு லிட்டர்தான் செலவழிக்கும், ஆனால் அதைச் சில தவணைகளாக, ஒவ்வொரு தவணையையும் ஓரிரு நிமிடங்களுக்குள் நிரப்பிக்கொள்ளப் பார்க்கும். குறித்த நேரத்துக்குள் நீர் வரவில்லை என்றால் பிழைக்குறி காட்டி நின்றுவிடும். அந்த நேரத்தில் குளியலறையில் ஒருவர் வாளியை நிரப்பிக்கொண்டிருந்தால் போதும், சமையலறை கடைமடையாகிவிடும். அத்தை வீட்டில் இதற்குக் கண்ட தீர்வு, தொட்டியிலிருந்து சமையலறைக்கு மட்டும் முக்கால் அங்குலத் தனிக் குழாய் இறக்கியதுதான். சிங்க்கின் அடிக்கு வந்த பிறகு அதில் மூன்று கிளை பிரித்து, ஒவ்வொரு கிளையிலும் நீரைத் திறந்து மூடத் தனி ஆங்கிள் காக் வைத்தார்கள். ஒரே ஆங்கிள் காக்கில் டி இணைப்பின் மேல் டி இணைப்பாக அடுக்கினால் செலவு மிச்சம்தான், ஆனால் ஆர்.ஓ. கருவியில் வடிகட்டி மாற்ற வேண்டிய நாளில் சமையலறை முழுவதற்கும் நீரை நிறுத்த வேண்டியிருக்கும்.

கிளைகளின் வரிசையும் பொருட்படுத்த வேண்டியது. ஆர்.ஓ. கருவிக்கான நீர் எப்போதும் கீசருக்கு முந்தைய குளிர்நீர்க் குழாயிலிருந்தே பிரிய வேண்டும். அதன் உள்ளே இருக்கும் சவ்வு 40 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் கெட்டுப்போகும். கீசரிலிருந்து வெந்நீர் பின்னோக்கிப் பாயாமல் ஒருவழி வால்வு வேண்டும். வெந்நீர் செல்லும் பக்கத்தில் சாதாரண வெள்ளை பி.வி.சி. குழாய் கூடாது; சூட்டைத் தாங்கும் சி.பி.வி.சி. குழாயும் எஃகுப் பின்னல் போட்ட இணைப்புக் குழாயும் பொருந்தும்.

ஆர்.ஓ. கருவி எல்லோருக்கும் தேவையா என்பதையும் இங்கேயே கேட்டுவிடலாம், ஏனென்றால் ஒரு கருவி குறைந்தால் இந்தச் சிக்கலில் மூன்றிலொரு பங்கு குறையும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. ஆற்றோரக் கிணறுகளில் நீர் இனிப்பாகவே இருக்கும் ஊர்களில், முதலில் நீரைப் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, எளிய வடிகட்டியும் புற ஊதா விளக்கும் கொண்ட கருவியே போதுமா என்று முடிவு செய்வது நல்லது. கடலோரத்தில் அந்தத் தெரிவு பலருக்கு இல்லை. அங்கே டிஷ்வாஷருக்கும் அதற்கென விற்கும் உப்பைத் தவறாமல் போட வேண்டும். உள்ளே இருக்கும் மென்னீராக்கி அந்த உப்பைக் கொண்டுதான் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. சமையல் உப்பைப் போடக்கூடாது.

மூன்றாவது பகுதி வடிகால். வாய்க்கால் இருக்கும் வயலுக்கெல்லாம் வடிகாலும் இருக்க வேண்டும் என்பதை அறிந்த ஊரில், சமையலறை வடிகாலை யாரும் நினைப்பதே இல்லை. டெல்டா நிலம் தட்டையானது; தெருச் சாக்கடைக்கும் வீட்டுத் தரைக்கும் உள்ள உயர வேறுபாடு பல தெருக்களில் சொற்பம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நாட்களில் சாக்கடை நிரம்பினால், சிங்க்கின் கழிவுக் குழாய் வழியாக அழுக்கு நீர் எதிர்த்து ஏறும். டிஷ்வாஷரின் கழிவுக் குழாய் தரையோடு தரையாகக் கிடந்தால் அந்த நீர் நேராகக் கருவிக்குள், கழுவி வைத்த தட்டுகளின் மேல் வரும். எனவே அந்தக் குழாயைச் சமையல் மேடைக் கல்லின் அடியை ஒட்டி உயர்த்தி, ஒரு வளைவாகக் கட்டி, அதன்பின்னே கீழிறக்கி இணைக்க வேண்டும். உயர வளைவு என்னும் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு கிளாம்பும் ஒரு திருகாணியும் தவிர வேறு செலவில்லை; நான் பார்த்த வீடுகளில் பாதியில் அது இல்லை.

சிங்க்கின் அடியில் வளைந்து நிற்கும் குழாயான டிராப்புக்குள் இரண்டு அங்குல உயரத்துக்கு நீர் எப்போதும் தேங்கி நின்றால்தான் சாக்கடை வாடையும் கரப்பான் பூச்சியும் மேலே வராது. டிஷ்வாஷரின் கழிவு அந்த டிராப்புக்கு முன்பாகவே சேர வேண்டும், பின்பாக அல்ல. சுவரிலிருந்து வெளியே செல்லும் குழாய்க்கு மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் சரிவு கொடுத்தால் பருக்கையும் எண்ணெயும் நடுவில் தங்காது.

ஆர்.ஓ. கழிவு தனிக் கதை. வீட்டுக் கருவிகள் ஒரு லிட்டர் குடிநீர் தருவதற்கு மூன்று லிட்டர் அளவுக்குக் கழித்துவிடுவது சாதாரணம். நாளைக்குப் பதினைந்து லிட்டர் எடுக்கும் குடும்பம் நாற்பத்தைந்து லிட்டரைச் சாக்கடையில் விடுகிறது. அந்தச் சிறு குழாயை மேடைக்கு வெளியே நீட்டி ஒரு வாளியில் விட்டால் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் ஆகும். உப்பு நீர் ஊர்களில் அந்தக் கழிவில் உப்பு இன்னும் கூடியிருக்கும் என்பதால், அதைக் கறிவேப்பிலை மரத்துக்கு நாள்தோறும் ஊற்ற வேண்டாம்.

நீரும் மின்சாரமும் ஒரே தடுப்புக்குள் இருக்க நேர்ந்தால் மின்சாரம் மேலே, நீர் கீழே என்பதுதான் விதி. பிளக் பாயின்ட்டுகளை ஆங்கிள் காக்குக்கு நேர் கீழே ஒருபோதும் வைக்கக்கூடாது. முடிந்தால் பக்கத்துத் தடுப்பில் வைத்து, சுவிட்சை மட்டும் கையெட்டும்படி மேடைக்கு மேலே கொண்டுவர வேண்டும். குனிந்து, ஈரத்தில் கையை விட்டு அணைக்க வேண்டிய சுவிட்ச் அவசரத்துக்கு உதவாது. கருவியின் வயர் பிளக்குக்கு நேராக இறங்காமல், பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு தொங்கல் விட்டு மேலேறிச் செல்லும்படி அமைத்தால், வயரில் வழிந்துவரும் நீர்த்துளி அந்தத் தாழ்விலேயே சொட்டிவிடும். அறுவடை முடிந்த வயலிலிருந்து வீட்டுக்குள் வரும் எலிகளுக்கு ஆர்.ஓ. கருவியின் கால் அங்குலக் குழாய் மிகவும் பிடித்தமானது; சுவரில் குழாய்கள் நுழையும் துளைகளைச் சிமென்ட் வைத்து அடைத்துவிட வேண்டும்.

மின்தடைக்கு ஒரு வார்த்தை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பின் டெல்டாவின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மோட்டாரை இயக்கித் தொட்டியை நிரப்ப வாடகை ஜெனரேட்டர்கள் தெருத்தெருவாகப் போயின. 900 வி.ஏ. அளவுள்ள வீட்டு இன்வர்ட்டர் சுமார் 700 வாட் தரும். ஆர்.ஓ. கருவி அதில் தாராளமாக ஓடும். கீசரையும் டிஷ்வாஷரையும் அந்தக் கம்பியில் சேர்க்கவே கூடாது.

எல்லாம் பொருத்தி முடித்த அன்றே, பிளம்பரும் எலக்ட்ரீசியனும் வீட்டில் இருக்கும்போதே, மூன்று கருவிகளையும் ஒன்றாக ஓட விட்டு, குளியலறைக் குழாயையும் திறந்து வைத்துப் பார்க்க வேண்டும். அரை மணி நேரம் கழித்துச் சுவிட்சை அணைத்துவிட்டு ஒவ்வொரு பிளக்கையும் தொட்டுப் பார்க்கலாம். இளஞ்சூடு சரி, கையை வைக்க முடியாத சூடு தளர்ந்த இணைப்பின் அடையாளம். பிறகு தடுப்பின் அடித்தளம் முழுவதும் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டு ஒரு வாரம் தினமும் குனிந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் மெல்லிய கசிவு மரப்பலகையில் தெரியாது, தாளில் தெரியும். அத்தை வீட்டில் மூன்றாம் நாள் காலையில் ஆர்.ஓ. இணைப்புக்கு நேர் கீழே ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஈர வட்டம் விழுந்திருந்தது. நட்டைக் கால் சுற்று இறுக்கியதும் நின்றுவிட்டது.